திருகோணமலையில் புதுக்குடித்தனமா? சின்ன மீனிலிருந்து தொடங்குங்கள்

மாற்றலாகி வரும் ஆசிரியர்கள், வங்கி உத்தியோகத்தர்கள், மலையகத்திலிருந்து கலியாணம் முடித்து வந்த பெண்கள், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து ஊர் திரும்பும் குடும்பங்கள் என்று திருகோணமலைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வாடகை வீடு, பள்ளிக்கூடம், தண்ணீர் இணைப்பு எல்லாம் எப்படியோ ஒழுங்காகிவிடும். இழுபடுவது சமையலறைதான். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு கிழமையில் நாலு நாள் கோழி வாங்கும் வீடுகள் இங்கே நிறைய. ஏன் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது இதைத்தான்: மீன் பார்த்து வாங்கத் தெரியாது, முள்ளுக்குப் பயம், பிள்ளை சாப்பிடாது.

இந்த மூன்றுக்கும் வழி இருக்கிறது. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: பெரிய மீனை விட்டுச் சின்ன மீனுக்கு வாருங்கள். புதிதாக வருகிறவர்கள் அறக்குளாவைத்தான் (தமிழ்நாட்டில் வஞ்சிரம்) தேடுகிறார்கள். முள் குறைவு, துண்டாக வெட்டித் தருவார்கள், விருந்துக்கு வைத்தால் மரியாதை. அது நல்ல மீன்தான், மறுக்கவில்லை. ஆனால் மாதச் சம்பளக் குடும்பத்தின் அன்றாடச் சட்டிக்கு உரியது அதுவல்ல. கீரி, சூடை, நெத்தலி, கும்பளா, காரல், சின்னப் பாரை ஆகியவைதான் இந்தக் கரையின் தினச் சாப்பாடு. விலை குறைவு. அன்றன்று கரைக்கு வருவதால் புதியதாகக் கிடைக்கும். முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்தலியில் கல்சியம் நிறைய. இன்னொன்றையும் கவனியுங்கள்: கடலில் பெரிய மீன் சின்ன மீனைத் தின்று பல வருடம் வாழ்வதால் அதன் சதையில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். சின்ன மீனில் அந்தக் கவலை மிகக் குறைவு. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்களும் குழந்தை வளர்ப்பவர்களும் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

கடலுக்கும் காலம் உண்டு

கொழும்பு, காலிப் பக்கத்துக் கடலுக்கும் எங்கள் கடலுக்கும் பருவம் நேரெதிர். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கரை கொந்தளிக்கும்போது இங்கே கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கச்சான் காற்று வீசும், வெயில் கொளுத்தும், மீன் மலியும். மேற்குக் கரை மீனவர்கள் இந்த மாதங்களில் இங்கே வந்து வாடி (கரையோரத் தற்காலிகக் குடில்) அடித்துத் தங்கித் தொழில் செய்வது இதனால்தான். குச்சவெளி, நிலாவெளிப் பக்கம் போனால் கரைநெடுக அந்த வாடிகளைப் பார்க்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை மாறும். வாடைக்காற்றும் வடகீழ்ப் பருவ மழையும் தொடங்கினால் பல நாட்கள் வள்ளம் இறங்காது. தை பிறந்து கடல் அடங்கும்வரை மீன் விலை ஏறித்தான் இருக்கும். அந்த நாட்களில் அறக்குளா வேண்டும், பாரை வேண்டும் என்று நின்றால் காசு கரையும். களப்பு மீனுக்கும் குளத்து மீனுக்கும் மாறிக்கொள்ளுங்கள். தம்பலகாமக் களப்பிலிருந்தும் கிண்ணியாப் பக்கத்திலிருந்தும் இறால், நண்டு, மணலை வரும். கந்தளாய்க் குளத்துத் திலாப்பியா வரும். நன்னீர் மீன் என்று முகம் சுளிக்க வேண்டாம். மஞ்சளும் உப்பும் தடவி அரை மணித்தியாலம் வைத்துப் பொரித்தால் பிள்ளைகள் தட்டைத் துடைத்துவிடுவார்கள்.

மழைக்காலத்துக்குக் கருவாட்டை ஆவணி, புரட்டாசிக்குள் வாங்கி வைத்துவிடுங்கள். வெயில் நன்றாக இருக்கும்போது காய்ந்த கருவாடு மொறுமொறுவென்று இருக்கும், நாட்பட நிற்கும். மழை தொடங்கியபின் வாங்குவது உள்ளே ஈரம் பிடித்திருக்கும். வெறும் மணலில் பரப்பிக் காயவைத்ததை விட, பாயிலோ வலையிலோ பரப்பியதைக் கேட்டு வாங்குங்கள். முதலாவதைக் கழுவிக் கழுவிக் கை ஓய்ந்தாலும் மண் கடிபடும்.

எங்கே, எத்தனை மணிக்கு

நகரத்துச் சந்தையில் எல்லா நாளும் மீன் இருக்கும். கரையிலேயே வாங்க வேண்டுமானால் நகரத்துக்குள் திருக்கடலூர் இருக்கிறது. வடக்கே போனால் சாம்பல்தீவு, சல்லி, நிலாவெளி. ஆழ்கடலில் நாட்கணக்கில் தங்கிப் பிடிக்கும் பெரிய படகுகள் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கு வரும். அங்கே இறங்குவது சூரை போன்ற பெரிய மீன்கள், ஐஸில் பல நாள் இருந்து வருபவை. கெட்டது என்றில்லை. ஆனால் நேற்றிரவு பிடித்த கீரியின் ருசி அதில் வராது.

இரவில் வலை போட்ட வள்ளங்கள் விடிகாலையில் திரும்பும். ஆகவே ஆறு, ஆறரைக்குக் கரையில் நிற்பவருக்கு நல்லது கிடைக்கும். கரைவலை இழுப்பது அதன்பிறகு. பத்து மணிபோல மடி, அதாவது மீன் சேரும் வலைப்பை, கரையேறினால் அங்கேயே கூறு போட்டு விற்பார்கள். அந்த நேரம் ஒரு பாத்திரத்தோடு நிற்பது ஊர்ப் பெண்களுக்குப் பழக்கம். நீங்களும் நிற்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மடிக்குள் பலதும் கலந்து வரும். காரலும் நெத்தலியும் சின்னக் கணவாயுமாக ஒரு கூறு வாங்கினால் இரண்டு கறிக்குப் போதும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு வீட்டுப் படலையடிக்கு வரும் மீன்காரர்தான் கதி. மோட்டார் சைக்கிளில் பின்னால் ரெஜிபோம் பெட்டி கட்டி ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவார். ஒரே ஆளிடம் தொடர்ந்து வாங்குங்கள். இது வெறும் சிநேகத்துக்காகச் சொல்வதல்ல. இரண்டு கிழமை வாங்கினால் உங்கள் வீட்டில் குழந்தை இருப்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

"தங்கச்சி, இண்டைக்குச் சூரை வேண்டாம், நேத்தையான். சூடை பாருங்கோ, கண்ணைப் பாருங்கோ."

இப்படிச் சொல்கிற ஒருவர் கிடைத்துவிட்டால் மீன் வாங்கும் கலையில் பாதி கைவந்த மாதிரி. தமிழ் வியாபாரியை அண்ணன், ஐயா என்றும், முஸ்லிம் வியாபாரியை நானா என்றும், சிங்களவர் இளையவராக இருந்தால் மல்லி என்றும் கூப்பிடுவது இங்கே வழக்கம். சந்தையில் சிங்களப் பெயர்களும் கலந்து காதில் விழும். தோறா என்றால் அறக்குளா, பலயா என்றால் சூரை, ஹுருல்லா கீரி, சாலயா சூடை, தல்லோ கணவாய். இந்த ஐந்தைத் தெரிந்துகொண்டால் விலை கேட்கும்போது தடுமாற்றம் இருக்காது.

ஒரு சின்னக் கணக்கு. சின்ன மீன் ஒரு கிலோ வாங்கினால் தலை, குடல், செதில் போக மூன்றில் ஒரு பங்கு குறையும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒருநேரக் கறிக்கு முக்கால் கிலோ வாங்கினால் அளவாக இருக்கும்.

கையால் பார்த்து வாங்குவது

கண்ணைப் பார்க்கச் சொல்வார்கள், பாருங்கள். தெளிந்து, சற்று வெளியே தள்ளி இருக்க வேண்டும். உட்குழிந்து பால்படிந்த கண் பழைய மீனின் கண். ஆனால் கண்ணோடு நிறுத்தாதீர்கள், ஐஸில் பட்ட கண் புதிய மீனிலும் சிலவேளை மங்கும். செவுளைப் பெருவிரலால் தூக்குங்கள். உள்ளே இரத்தச் சிவப்பாக, சளி தெளிவாக இருந்தால் நல்லது. மண்ணிறமோ சாம்பலோ என்றால் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்தது வயிறு. விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் குழி உடனே நிமிர வேண்டும். சூடை, கீரி போன்ற எண்ணெய் மீன்களுக்கு முதலில் வெடிப்பது வயிறுதான். வயிறு பிய்ந்து குடல் எட்டிப் பார்த்தால் காலையில் பிடித்தது என்று யார் சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டாம். கடைசியாக மணம். புதிய மீனில் கடல் மணம்தான் இருக்கும். மூக்கைச் சுளிக்கவைக்கும் நாற்றம் புதிய மீனில் வராது.

இந்தக் கரைக்கே உரிய ஒரு எச்சரிக்கை: வெடி போட்டுப் பிடித்த மீன். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மீன்பிடி, நீரியல் வளச் சட்டப்படி அது குற்றம். வெடித்த இடத்தில் பவளப்பாறையும் குஞ்சு மீனும் சேர்ந்தே அழியும். அப்படியும் களவாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளித்தோற்றத்தில் மீன் பளபளவென்றுதான் இருக்கும். வெட்டினால் தெரியும்: நடுமுள் முறிந்திருக்கும், முள்ளை ஒட்டி இரத்தம் கட்டியிருக்கும், வயிற்றுக்குள் இரத்தம் கலங்கி நிற்கும், சதை கொழகொழவென்று முள்ளை விட்டு விலகும். அப்படியொன்று கைக்கு வந்தால் அந்த ஆளிடம் மறுபடி வாங்காதீர்கள். வாங்குகிற ஆள் இல்லாவிட்டால் வெடி வைக்கிறவனும் இல்லை.

எந்த விலைக்கும் வாங்கக் கூடாதவையும் உண்டு. பேத்தை மீன் நஞ்சு; ஊதிப் பெருக்கும் அந்த மீனின் நஞ்சு சமைத்தாலும் போகாது. கடலாமை இறைச்சியும் கடற்பன்றி இறைச்சியும் சட்டப்படி தடை. ஆமை இறைச்சி தின்று நஞ்சாகி ஆள் இறந்த சம்பவங்களும் உண்டு. சினை தாங்கிய சிங்கி இறால் பிடிப்பதும் விற்பதும் தடை.

நண்டு வாங்கும்போது அமாவாசையை ஒட்டிய நாட்களைப் பாருங்கள் என்று இங்கே சொல்வார்கள். பறுவத்து (பௌர்ணமி) நண்டு கோதுதான் என்பது கரையார் பேச்சு. நாள் பார்க்காமலும் சோதிக்கலாம்: கையில் தூக்கினால் அளவுக்கு மேற்பட்ட கனம் இருக்க வேண்டும், அடி ஓட்டை அழுத்தினால் உள்வாங்கக் கூடாது.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின்

இந்த ஊர் வெயிலில் மீனுக்கு எதிரி நேரம். சந்தைக்குப் போனால் மீனைக் கடைசியாக வாங்குங்கள். காய்கறி, தேங்காய், சரக்கு எல்லாம் முடித்து, கடைசியில் மீனை எடுத்துக்கொண்டு நேரே வீடு. சூரை, கும்பளா, கீரி, சூடை நாலும் வெக்கையில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். அது கொதியிலும் சாகாது, குளிர்சாதனப் பெட்டியிலும் போகாது, மணத்திலும் எப்போதும் பிடிபடாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். நாக்கில் சுள்ளென்று உறைக்கும். பலர் இதை 'எனக்குச் சூரை ஒத்துக்கொள்ளாது' என்று நினைத்து ஆயுளுக்கும் அந்த மீனை ஒதுக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அன்று அந்த மீன் வெயிலில் கிடந்தது என்பதே காரணம்.

வெட்டுவதற்குச் சந்தையிலேயே ஆள் உண்டு, சின்னக் கூலி வாங்குவார்கள். பெரிய மீனுக்கு அவர்களே நல்லது. சின்ன மீனை வீட்டிலேயே துப்புரவாக்கப் பழகுங்கள். முதலில் செதில், வாலிலிருந்து தலைப்பக்கமாகக் கத்தியின் முதுகால் சுரண்ட வேண்டும். பிறகு செட்டை. அதன்பின் செவுளோடு சேர்த்துத் தலையை ஒடித்து இழுத்தால் சூடையிலும் நெத்தலியிலும் குடலும் கூடவே வந்துவிடும், கத்தியே தேவையில்லை. வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலை விரலால் உரித்தெடுங்கள். கசப்பும் வெடுக்கும் அதில்தான். நடுமுள்ளை ஒட்டிய இரத்தக் கோட்டையும் நகத்தால் கீறிக் கழுவுங்கள். கடைசித் தண்ணீர் தெளிவாக ஓடும்வரை கழுவி, உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட்டுப் பிசறி ஐந்து நிமிடம் வைத்து இன்னொரு தரம் அலசினால் வெடுக்கு அடங்கும்.

ஓராவும் ஒட்டியும் வெட்டுகிறவர்கள் கவனம். முதுகு முள்ளிலும் அடிமுள்ளிலும் நஞ்சு உண்டு, செத்த மீனின் முள்ளும் குத்தும். முதலில் கத்திரிக்கோலால் முட்களை நறுக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கணவாய்க்குள் மைப்பை இருக்கும். தலையை மெதுவாக இழுத்தால் முழுதாக வெளியே வரும், அவசரப்பட்டால் கழுவுதொட்டி கறுத்துவிடும். உள்ளே இருக்கும் வெள்ளை ஓட்டை எறிய வேண்டாம். காயவைத்தால் கிளி, புறா வளர்க்கும் வீடுகளில் கேட்டு வாங்கிப் போவார்கள். கூட்டுக்குள் வைத்தால் பறவைகள் கொத்தித் தின்னும், சுண்ணாம்புச் சத்து.

கரையோர வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் சவராக இருக்கும். மீன் கழுவ அது போதும். குழம்புக்குக் குழாய்த் தண்ணீர்தான் வேண்டும், இல்லாவிட்டால் உப்புக் கணக்குப் பிழைக்கும்.

மிஞ்சியதை உறைய வைப்பதானால் ஒருநேரக் கறி அளவில் பிரித்துச் சின்ன டப்பாக்களில் போடுங்கள். எண்ணெய் மீனை ஒரு மாதத்துக்குமேல் வைத்தால் சிக்கல் வாடை வந்துவிடும். கரண்ட் பல மணி நேரம் போய், மீன் இளகி வெதுவெதுப்பாகிவிட்டால் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

முதல் குழம்பு: கீரி

கீரியில் தொடங்கச் சொல்வது, அது கை தெரியாதவரையும் காப்பாற்றும் மீன் என்பதால். அரைக் கிலோ போதும். தேசிக்காய் அளவு பழப்புளியை ஒரு கோப்பை தண்ணீரில் கரைத்து வையுங்கள். தேங்காய்ப் பாதியைத் திருவி முதற்பால் அரைக் கோப்பை தனியாக, இரண்டாம் பால் ஒன்றரைக் கோப்பை தனியாக.

மண்சட்டியில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ இரண்டு மேசைக்கரண்டி விட்டு, சூடானதும் அரைத் தேக்கரண்டி வெந்தயம். வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டக் கூடாது. கருகினால் குழம்பு முழுவதும் கசக்கும், வேறு எதைப் போட்டும் மறைக்க முடியாது. உடனே சின்ன வெங்காயம் ஒரு பிடி, நீளமாகக் கீறிய பச்சைமிளகாய் மூன்று, முழு உள்ளி எட்டுப் பத்துப் பல்லு, கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை. வதங்கியதும் புளிக்கரைசல், இரண்டாம் பால், வறுத்த கறித்தூள் இரண்டு மேசைக்கரண்டி, மஞ்சள் கொஞ்சம், உப்பு. இது நன்றாகக் கொதிக்க வேண்டும். தூள் வாடை போய், உள்ளி வெந்து, எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை பத்துப் பன்னிரண்டு நிமிடம் பொறுங்கள். அவசரக்காரர்கள் பிழைவிடும் இடம் இது. தூள் வேகுமுன் மீனைப் போட்டால், தூள் வேகும்போது மீன் கரைந்துவிடும்.

இப்போது மீன். போட்டபின் அகப்பையை எடுத்து வைத்துவிடுங்கள், அது இனித் தேவையில்லை. சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒருதரம் இப்படி, ஒருதரம் அப்படிச் சுழற்றினால் குழம்பு மீனுக்கு மேலேறி இறங்கும். கீரிக்கு ஆறேழு நிமிடம் போதும். கடைசியில் முதற்பால் விட்டு, ஓரத்தில் முதல் குமிழி வந்ததும் இறக்குங்கள். ஒரு மணித்தியாலம் ஊறவிட்டுச் சாப்பிட்டால் ருசி. இரவு மிஞ்சியதை நன்றாகச் சூடுகாட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் காலைப் புட்டுக்கு இதைவிட வேறு வேண்டாம்.

உறைப்புத் தின்னாத பிள்ளைகள் உள்ள வீட்டில் இதே மீனில் நாலைந்து துண்டை எடுத்துப் பால்சொதி வையுங்கள். வெங்காயம், ஒரு பச்சைமிளகாய், மஞ்சள், வெந்தயம் சிறிது, இரண்டாம் பால். மீன் வெந்ததும் முதற்பால். தேசிக்காயை அடுப்பிலிருந்து இறக்கியபின்தான் பிழிய வேண்டும், கொதியில் பிழிந்தால் பால் திரையும். இடியப்பத்தின்மேல் ஊற்றிக் கொடுத்துப் பாருங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் இதுபோன்ற மெல்லிய குழம்புகளை ஆணம் என்பார்கள், புளியாணம் அவர்கள் கைக்குத் தனி மணம். பக்கத்து வீட்டு ராத்தாவிடம் கேட்டால் நின்று சொல்லித் தருவார்.

பிள்ளைக்கு மீன் ஊட்டுவது

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும். அதன்பின் சோறு, பருப்பு, காய் என்று பழக்கும்போதே மீனையும் சேர்க்கலாம்; ஒரு வயது ஆகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. புதிய சாப்பாட்டை ஒவ்வொன்றாகத் தொடங்கி இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும் என்பதுதான் கணக்கு. முதல் நாள் ஒரு தேக்கரண்டி, மதியத்துக்கு முன். இரவில் தொடங்க வேண்டாம், ஏதேனும் தடித்தால் பகலில் கண்ணுக்குத் தெரியும், வைத்தியரிடம் ஓடவும் வசதி. இறால், நண்டு, கணவாயைப் பழக்கும்போது அளவை இன்னும் குறைத்துத் தொடங்குங்கள், வீட்டில் யாருக்காவது அவை ஒத்துக்கொள்ளாதென்றால் முதலில் மருத்துவமாதுவிடம் கேளுங்கள். அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பான மருத்துவமாது வீடு தேடி வருவார். புதிதாகக் குடிவந்தவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதிந்து, பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் காட்டிவிட்டால் ஊசி, நிறை பார்ப்பது எல்லாம் தொடரும்.

எந்த மீன்? கைப்பிடி அளவுப் பாரை, விளைமீன். சதை வெள்ளை, முள் தடிப்பு, பிரித்தெடுக்கச் சுலபம். பிள்ளைக்கென்று பெரிய அறக்குளாத் துண்டு தேடுவதற்கு இது போதுமான மாற்று. மஞ்சள் மட்டும் தடவி இடியப்பத் தட்டில் அவித்தெடுங்கள். உப்பு வேண்டாம். ஆறியதும் சில்வர் தட்டில் பரப்பி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் கிள்ளு கிள்ளாக எடுத்து நசித்துப் பாருங்கள். முள்ளைக் கண்ணை விட விரல்தான் கண்டுபிடிக்கும். ஒருதரம் முடித்து, கையைத் துடைத்து, இன்னொரு தரமும் அதே மாதிரி. அதற்குப் பிறகுதான் சோற்றோடு பிசைவது. இதைச் செய்யும்போது தொலைபேசியைத் தள்ளி வையுங்கள்.

சூடை, கீரியின் முடிமுள் குழந்தைக்கு ஆகாது. பிரஷர் குக்கரில் கொறுக்காய்ப்புளி போட்டு நன்றாக அவித்தால் முள் விரலில் மாவாகும், அப்படியானதை மூன்று நாலு வயதுப் பிள்ளைகளுக்குப் பிசைந்து கொடுக்கலாம். நெத்தலிக்கு வேறு வழி. உப்புக் குறைந்த காய்ந்த நெத்தலியைத் தலை கிள்ளி, சுடுதண்ணீரில் இரண்டு தரம் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் ஈரம் போக்கி, வெறும் சட்டியில் வறுத்து மிக்ஸியில் தூளாக்குங்கள். சலித்துப் போத்தலில் அடைத்து, பருப்புச் சோற்றில் அரைத் தேக்கரண்டி தூவலாம். மழைக்காலத்தில் புதுமீன் இல்லாத நாட்களுக்கு இது கைகொடுக்கும்.

வளர்ந்த பிள்ளை மீனை ஒதுக்கினால் திட்டிக் கொடுக்காதீர்கள். சந்தைக்குக் கூட்டிப் போங்கள், அல்லது கரைவலை இழுக்கும்போது காலையில் கரைக்கு. மடி ஏறும்போது துள்ளுகிற மீனைக் கண்ட பிள்ளை, அன்று மத்தியானம் பெயர் சொல்லிக் கேட்டு ஒரு துண்டாவது தின்னும். நெத்தலியை அரிசிமாவில் பிரட்டி மொறுமொறுவென்று பொரித்தால் முள்ளோடு தின்னப் பழகிவிடும்.

பிள்ளைப்பேறு நடந்த வீடுகளில் பால்சுறா வறை செய்வது இங்கே கட்டாயம் போன்ற வழக்கம். சின்னச் சுறாவை அவித்துத் தோலுரித்து, உதிர்த்து, ஒட்டப் பிழிந்து, தேங்காய்ப்பூ, மஞ்சள், மிளகு, உள்ளி, முருங்கையிலை சேர்த்து வறுப்பார்கள். பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. சதையில் நல்ல புரதம் இருப்பது உண்மை. இடைக்கிடை ஒருநாள் சின்னச் சுறாவில் செய்து கொடுங்கள், அதை நாள் தவறாமல் கொடுக்க வேண்டாம். பெரிய சுறாவும் தளபத்தும் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் வேண்டவே வேண்டாம், பாதரசத்தை மேலே சொன்னேன். மீனும் தயிரும் சேர்த்துத் தின்றால் வெண்குட்டம் வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. ஆனாலும் மாமியாரோடு இதற்காக வாதாடுவதில் பலனில்லை, தம்பலகாமத்துத் தயிரை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆபத்து நேர்ந்தால்

தொண்டையில் முள் சிக்கினால் சோற்றுருண்டை, வாழைப்பழம் விழுங்கச் சொல்வது எல்லா வீட்டிலும் நடக்கிறது. செய்யாதீர்கள். மேலோட்டமாகக் குத்திய முள் ஆழமாக இறங்கிவிடும். இருமிப் பார்க்கலாம், தண்ணீர் குடிக்கலாம். குத்தல் போகாவிட்டால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், இரத்தம் வந்தால் ஆஸ்பத்திரி. விரலை விட்டுத் தோண்டவும் கூடாது, சின்னப் பிள்ளைக்கு அது முள்ளைவிட ஆபத்து.

ஓரா முள்ளோ, கெளுத்தி முள்ளோ, கடலில் திருக்கையோ குத்தினால் அந்த இடத்தைக் கை தாங்கும் சூட்டுத் தண்ணீரில் அமிழ்த்தி அரை மணித்தியாலத்துக்கு மேல் வையுங்கள், ஆற ஆறச் சூட்டைக் கூட்டுங்கள். அந்த நஞ்சு சூட்டில் வலுவிழக்கும். தண்ணீரின் சூட்டைக் குத்துப்படாத கையால்தான் பார்க்க வேண்டும், குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாமல் வெந்துவிடலாம். முள் உள்ளே முறிந்திருந்தால் தோண்டாமல் வைத்தியரிடம் போங்கள், ஏற்புவலித் தடுப்பூசியும் கேளுங்கள்.

மீன் தின்றபின் முகம் வீங்குவது, மூச்சு இழுப்பது, வாய் மரப்பது, கைகால் சோர்வது எதுவானாலும் நேரம் பார்த்து நிற்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு கேட்க மாட்டார்கள். என்ன மீன், எத்தனை மணிக்குத் தின்றது என்பதைச் சொல்லத் தயாராக இருங்கள். மிஞ்சிய குழம்பைக் கொட்டிவிடாமல் மூடி வையுங்கள்.

பூனைக்கும் கழிவுக்கும் ஒரு ஏற்பாடு

மீன் வெட்டத் தொடங்கிய இரண்டாம் நாளே ஒரு பூனை வந்து சேரும். பச்சை மீனையே நாள்தோறும் போடாதீர்கள். சூடை, நெத்தலி போன்ற சில மீன்களில் பி1 விற்றமினை அழிக்கும் பொருள் இருக்கிறது. அதையே தொடர்ந்து பச்சையாகத் தின்னும் பூனைக்கு நரம்புத்தளர்ச்சி வரும். அவித்தால் அந்தப் பொருள் அழிந்துவிடும். ஆகவே தலையையும் வாலையும் உப்பில்லாமல் அவித்து, பெரிய முள்ளை நீக்கி, கொஞ்சம் சோற்றோடு பிசைந்து வையுங்கள். குழம்பில் ஊறியதைப் போட வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு, இரத்தத்தைக் கெடுக்கும். பூனைக்கும் நாய்க்கும் விசர்நாய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைத் தள்ளிப்போட இடமில்லை.

செதிலையும் குடலையும் பொலித்தீன் பையில் கட்டி வாசலில் வைப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். காகமும் தெருநாயும் பிய்ப்பது ஒரு பக்கம். இந்த ஊரில் மான்கள் உண்டு. பிரெட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பார்ப்பவை இரவில் நகரத்துத் தெருக்களிலும் மேயும். மரக்கறித் தோலும் பொலித்தீனும் ஒரே பையில் கிடந்தால் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடும், வயிற்றில் பொலித்தீன் சேர்ந்து செத்தும் போகும். சந்தைக்குப் போகும்போது மூடியுள்ள வாளி ஒன்றைக் கொண்டு போனால் வீட்டுக்குப் பொலித்தீன் வருவதே குறையும்.

மீன்கழிவைப் புதைப்பதே நல்லது. கரையோர மணல் நிலத்தில் எருவுக்கு எப்போதும் பஞ்சம். தென்னைக்கோ வாழைக்கோ மூன்றடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டிக் கொட்டி, ஒரு கை சாம்பல் தூவி, மண்ணை மிதித்து மூடி, மேலே ஒரு கல்லையோ தென்னம்மட்டையையோ வையுங்கள். ஆழம் குறைந்தால் நாய் தோண்டும். முற்றம் இல்லாத மாடி வீடென்றால் கழிவை மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியின் உறைகூட்டில் வைத்து, குப்பை வண்டி வரும் காலையில் எடுத்துக் கொடுங்கள். மீன் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்து முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றலாம், உப்புப் போட்டுக் கழுவிய தண்ணீரை மட்டும் வடிகாலில் விட்டுவிடுங்கள்.